போட்டுனு கீறான்

இரவு எட்டு பத்துக்கு வந்தாள்.
விரலிடுக்கில் தீப்பெட்டிப் பசை
இன்னும் காயவில்லை.
நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

ரைட்டர் குணாளன் பேனாவை உதறினார்.
"பையன் பேரு?"
"யோகித்து."
"வயசு?"
"ஆறு முடிஞ்சி ஏழு."
"என்ன சட்டை போட்டிருந்தான்?"
"போட்டுனு கீறான்."
"அதாம்மா, என்ன போட்டிருந்தான்?"
"ஊதா பனியன் போட்டுனு கீறான் சார்.
கீறான்னு எழுதுங்க."

ஸ்டேஷனில் ஒரு நொடி
மின்விசிறி மட்டும் பேசியது.
பதினொரு வருடமாக நான் பார்க்கும் காகிதங்களில்
காணாமல் போனவர்கள் எல்லோரும்
அணிந்திருந்தார்கள்,
மாநிறமாக இருந்தார்கள்,
தமிழ் மட்டும் பேசக்கூடியவர்களாக இருந்தார்கள்.
யாரும் எங்களைத் திருத்தியதில்லை.

படம் கேட்டோம்.
கீறல் விழுந்த செல்போனில் தள்ளித் தள்ளி
மொட்டை போட்ட படம்,
ஸ்டுடியோ மயிலோடு நிற்கும் படம்,
கடைசியாக, பள்ளிக்கூட அட்டைக்கு எடுத்தது.
"இதுல பல்லு கீது. இப்ப இல்ல.
செவ்வாக்கெழம விழுந்துச்சி, மேல் பல்லு ரெண்டும்."
அங்க அடையாளம் என்ற கட்டத்தில்
இல்லாத ஒன்றை எழுதினார் குணாளன்.

"ஆத்துக்கு அந்தாண்டன்னா
தாலுகா எல்லையாச்சே" என்றார் ஏட்டு சம்பங்கி.
கௌண்டன்ய ஆற்றில் தண்ணீர் போய் எவ்வளவு நாளாச்சு.
மணலில் நடக்கிற பிள்ளை
எல்லைக் கல்லைக் கேட்டுக்கொண்டா நடக்கும்?
இன்ஸ்பெக்டர் அம்மா உள்ளிருந்தே சொன்னார்:
"எஃப்.ஐ.ஆரை இங்கயே போடுங்க.
கல்லை நாளைக்குத் தேடலாம்."

"பாய் மிஸ்ஸிங், பாய் மிஸ்ஸிங்" என்று
மைக்கில் காட்பாடிக்கும் ஆம்பூருக்கும்
பேரணாம்பட்டுக்கும் போனது.
அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது.
மிஸ்டு கால் தெரியும்.
அதை வைத்துப் புரிந்துகொண்டாள்.

பிறகு என் வேலை.
முதலில் வீடு. எப்போதும் வீடு.
"ரோட்டுல தேடச் சொன்னா
எங்க ஊட்டுல இன்னாம்மா தேடுற?"
கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தேன்.
பீரோ. அரிசி டிரம்.
அடுக்கிய லுங்கிக் கட்டுகளுக்குப் பின்னால்.
கதவோரம் நின்ற பக்கத்து வீட்டுக்காரி
"இவங்களே மறச்சிட்டாங்கன்னு நெனக்கிறாங்க போல"
என்று யாரிடமோ சொன்னாள்.
புருஷன் முகம் கறுத்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த வருடம்
ஐந்து ஸ்டேஷன் தேடிய பெண் குழந்தை
வீட்டுப் பரண்மேல் பாயைச் சுருட்டிக்கொண்டு
தூங்கிக்கொண்டிருந்தது.
அதைச் சொன்னேன்.
அதே வருடம் இன்னொரு வீடு.
அதைச் சொல்லவில்லை.

பின்பக்கம் தரைத்தொட்டி.
மூடி பாதி நகர்ந்திருந்தது.

இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.
மூடியைத் தள்ளி டார்ச்சை இறக்கினேன்.
தண்ணீர். ஒரு மஞ்சள் மக்கு. என் தலை.
கொடிக்கம்பை உருவி
நான்கு மூலையும் துழாவினேன்.
மக்கு மட்டும் ஓரம்போய் ஓரம்போய்த் திரும்பியது.
"இல்ல" என்றேன்.
அதை அத்தனை சந்தோஷமாகச் சொன்னது
எனக்கே கூச்சமாக இருந்தது.

அதற்கப்புறம் அவள் ஏன் என்று கேட்கவில்லை.
மாடித் தொட்டிக்கு
ஏணியை அவளே பிடித்தாள்.

ஒன்பது நாற்பது.
மேல்படியில் நிற்கும்போது மைக் கரகரத்தது.
பேரணாம்பட்டு பஸ் ஸ்டாண்டு.
கடைசி சீட்டில் தூங்கிப்போன ஒரு பையன்.
பேர் கேட்டால் அழுகிறான்.
பனியன் ஊதாவா நீலமா,
பஸ்ஸுக்குள் விளக்கு சரியில்லை.

கீழே பார்த்தேன்.
ஏணியை அவள் விடவில்லை.
"வாயைத் தெறக்கச் சொல்லுங்க" என்றேன்.
"மேல் பல்லு கீதா? ஓவர்."

கரகரப்பு.
அதற்குள்ளிருந்து
யாரோ ஒரு போலீஸ்காரர் கெஞ்சுகிற குரல்:
"ஆ காட்டு கண்ணு.
ஒரே ஒரு தடவ. ஆ."